யாழ்ப்பாணத்தில் ஓவியக் கண்காட்சிகளும் சுயாதீன சினிமாவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ் நகரில் நடக்கும் திரையிடல்களிலும் கண்காட்சிகளிலும் கதிரை அடுக்குவது, வயர் இழுப்பது, வாசலில் நின்று வந்தவர்களை உள்ளே கூப்பிடுவது என்று சில வருடங்களாகக் கைகொடுத்து வருகிறேன். வாசலில் நிற்பவரிடம்தான் எல்லோரும் கேள்வி கேட்பார்கள். திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளுக்கு ஒரே இடத்தில் பதில் எழுதி வைக்கலாம் என்று தோன்றியது. இந்த நகரத்தில் படைப்பவர்களுக்குக் குறைவில்லை. பார்க்க வருகிறவர்கள்தான் இன்னும் வேண்டும். அந்த எண்ணத்தோடு எழுதியது இது.

யாழ்ப்பாணத்தில் கலைக்கென்று ஒரு தனிப் பகுதி இருக்கிறதா?

அப்படிப் பெயர் சூட்டப்பட்ட பகுதி எதுவும் இல்லை. ஆனால் நடந்து பார்த்தால் ஒன்று தெரியும். பஸ் நிலையத்தில் இறங்கி வீரசிங்கம் மண்டபத்தைக் கடந்து பொது நூலகத்துக்கு வாருங்கள். நூலகத்துக்குப் பக்கத்தில் புல்லுக்குளம், அதன் கரையில் கலாசார நிலையம். அங்கிருந்து பார்த்தால் முற்றவெளி, அதற்கு அப்பால் கோட்டை. பிரதான வீதி வழியே கொஞ்சம் உள்ளே போனால் திருமறைக் கலாமன்றம். இவ்வளவும் ஒரு மாலை நடைக்குள் அடங்கும். நகருக்குள் நடக்கும் கண்காட்சிகளிலும் திரையிடல்களிலும் பெரும்பங்கு இந்த வட்டத்துக்குள்தான்.

கலாசார நிலையம் இந்தியாவின் நிதியுதவியில் கட்டப்பட்டு, 2023 பெப்ரவரியில் மக்களிடம் கையளிக்கப்பட்டது. 2025இல் திருவள்ளுவர் பெயர் வைத்தார்கள். ஊர்ப் பெயர் விடுபட்டதே என்று பலர் கேட்ட பிறகு ‘யாழ்ப்பாணம்’ என்பதும் முன்னால் சேர்ந்தது. 600 பேர் அமரக்கூடிய அரங்கு, அருங்காட்சியகம், திறந்தவெளி அரங்கு, 11 மாடிக் கோபுரம் எல்லாம் அதற்குள் உண்டு. சின்னத் திரையிடல் ஒன்றுக்கு 600 இருக்கைகள் அதிகம் என்பது என் அபிப்பிராயம். 60 பேர் வந்தாலும் மண்டபம் வெறுமையாகத் தெரியும். அதே 60 பேர் நூலகத்தின் ஒரு மண்டபத்துக்குள் இருந்தால் நிறைந்த கூட்டம்.

இன்னொரு வட்டம் திருநெல்வேலி. பல்கலைக்கழகத்தின் கைலாசபதி கலையரங்கும் நுண்கலைத்துறையும் அங்கே. இசை, நடனம், ஓவியம் படிப்பவர்களின் மற்றொரு வளாகம், இராமநாதன் பெயர் தாங்கியது, காங்கேசன்துறை வீதியில் மருதனார்மடத்தில் இருக்கிறது. மாணவர்களின் இறுதியாண்டுக் கண்காட்சி நடக்கும்போது போய்ப் பாருங்கள். ஒரே வாரத்தில் இவ்வளவு புதுக் கைகளை வேறெங்கும் பார்க்க முடியாது.

சர்வதேசத் திரைப்பட விழா என்கிறார்களே, அது என்ன?

யாழ்ப்பாணம் சர்வதேசத் திரைப்பட விழா 2015இல் தொடங்கியது. திரைப்பட இயக்குநரும் ஒளிப்படக் கலைஞருமான அனோமா ராஜகருணாவின் வழிநடத்தலில் நடந்து வருகிறது. பல நாட்டுப் படங்கள், இலங்கையின் தமிழ் சிங்களப் படங்கள், குறும்படங்கள், ஆவணப்படங்கள் எல்லாம் சில நாட்களுக்கு ஒன்றாக வரும். ஒரே நேரத்தில் இரண்டு மூன்று இடங்களில் படம் ஓடும். ஒன்றைப் பார்த்தால் மற்றதை விட வேண்டியிருக்கும் என்பதால் நிகழ்ச்சி நிரலை முதலே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

எதைத் தெரிவது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: பிறகு இணையத்தில் எளிதாகக் கிடைக்கும் படத்தை விடுங்கள். இயக்குநர் நேரில் வரும் படத்துக்குப் போங்கள். இல்லாவிட்டால் குறும்படத் தொகுப்புக்குப் போங்கள். ஒரு தொகுப்பில் ஐந்தாறு படங்கள் இருக்கும். அதில் ஒன்று உங்களை உலுக்கினாலும் வந்த பலன் கிடைத்துவிடும்.

விழாவை விட்டால் வேறு என்ன நடக்கிறது?

விழா வருடத்துக்கு ஒருமுறை வருவது. இந்த நகரத்தின் கலை வாழ்வை மற்ற மாதங்களில் தாங்கிக்கொண்டிருப்பவை சின்ன நிகழ்ச்சிகள்தான். ஒரு குறும்படத்தின் முதல் காட்சி, ஒரு நூல் வெளியீட்டோடு சேர்ந்த ஒளிப்படக் கண்காட்சி, ஒரு பாடசாலை மண்டபத்தில் மாணவர் ஓவியங்கள், யாரோ ஒருவரின் வீட்டு முற்றத்தில் 20 பேர் கூடிப் பார்க்கும் பழைய படம். திருமறைக் கலாமன்றம் 1965இல் மரியசேவியர் அடிகளார் தொடங்கியது. முதலில் நாடகத்துக்காகத்தான். பிறகு ஓவியம், இதழியல் என்று விரிந்தது. அவர்களுடைய ‘கலைமுகம்’ இதழ் 1990இலிருந்து வருகிறது. போர்க்காலத்தில் காகிதம் கிடைக்காத நாட்களைக் கடந்து வந்த இதழ் அது. பழைய பிரதி ஒன்று கையில் கிடைத்தால் புரட்டிப் பாருங்கள், அந்த நாட்களிலும் எவ்வளவு நடந்திருக்கிறது என்று தெரியும்.

உள்ளூர் இளைஞர்கள் எடுக்கும் முழுநீளப் படங்களும் இப்போது நகரத்துத் திரையரங்குகளுக்கு வருகின்றன. அவை ஒன்றிரண்டு காட்சிகள் மட்டும் ஓடும். அடுத்த கிழமை பார்ப்போம் என்று விட்டால் படம் போய்விடும்.

இதெல்லாம் போர் முடிந்த பிறகு வந்த புதுப் பழக்கமா?

இல்லை. இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டும்.

ஓவியத்தை எடுத்துக்கொண்டால், வின்சர் ஓவியக் கழகம் 1938இல் தொடங்கியது. சித்திர ஆசிரியர்களை ஒன்றாகக் கூட்டி அதை நடத்தியவர் எஸ்.ஆர். கனகசபை. பிறகு பெனடிக்ற் மாஸ்ரர் விடுமுறை நாட்களில் ஆட்களைச் சேர்த்து வரையக் கற்றுக்கொடுத்தார். அங்கே வரைந்தவர்களில் ஒருவர் அ. மாற்கு. மாற்கு மாஸ்ரரின் கோடுகளைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். அவரும் இடம்பெயர்ந்தார், அவருடைய ஓவியங்கள் பலவும் அந்த அலைச்சலில் இல்லாமல் போயின. நமக்கு இன்று ஒரு முழுமையான சேகரிப்பு இல்லாததற்கு இதுதான் காரணம். வரைந்தவர்கள் இருந்தார்கள், வரைந்தவற்றைத்தான் காப்பாற்ற முடியவில்லை.

சினிமாவிலும் இதே கதை. கட்டடக் கலைஞர் வி.எஸ். துரைராஜா தயாரித்த ‘குத்துவிளக்கு’ 1972இல் வந்தது. தர்மசேன பத்திராஜ யாழ்ப்பாணத்தில் எடுத்த ‘பொன்மணி’ 1977இல் வந்தது. பத்திராஜ சிங்கள சினிமாவின் பெரிய இயக்குநர். அந்த நாட்களில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கற்பித்தவர். இங்கே வாழ்ந்து, இங்கத்தைய குடும்பங்களையும் சாதியையும் பார்த்து, தமிழில் படம் எடுத்தார். திரையரங்குகளும் நிறைய இருந்தன. வெலிங்டன், வின்சர், ராணி, ரீகல் என்று பெயர்களை அடுக்கும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கோட்டைப் பக்கம் இருந்த ரீகலில் ஆங்கிலப் படம் பார்த்ததைச் சொல்லும்போது அவர்களுடைய முகத்தைப் பார்க்க வேண்டும்.

அப்புறம் 1981 ஜூன் முதலாம் திகதி. முதல் நாள் இரவு மூட்டப்பட்ட தீயில் பொது நூலகத்தின் 97,000 நூல்கள் எரிந்தன. 1990களில் மின்சாரமே இல்லாத வருடங்கள். வீடியோ டெக்கையும் தொலைக்காட்சியையும் ஜெனரேற்றரையும் வாடகைக்கு எடுத்து, மண்ணெண்ணெயைக் கணக்குப் பார்த்து, விடியும் வரை மூன்று படம் ஓட்டிய ஊர் இது. கூடியிருந்து படம் பார்ப்பதை எங்களுக்கு யாரும் புதிதாகக் கற்றுத்தர வேண்டியதில்லை.

திருத்திக் கட்டிய அதே நூலகத்தில் 2004இல் ‘அகம் புறம்’ என்ற சமகாலக் கலைக் கண்காட்சி நடந்தது. ஓவியரும் பல்கலைக்கழகப் பேராசிரியருமான தா. சனாதனன் மக்களின் வீடுகளிலிருந்து சேகரித்த அன்றாடப் பொருட்களை அங்கே காட்சிக்கு வைத்தார். எரிந்த நூலகத்துக்குள், இழந்தவர்கள் தாங்களே கொடுத்த நினைவுகள். இன்று இங்கே வரைகிற பல இளையவர்களுடைய வேர் அந்த நாட்களில் இருக்கிறது.

எல்லாப் படமும் போரைப் பற்றித்தானா? பார்த்தால் மனம் கனத்துவிடுமே.

இந்தக் கேள்வியைக் கேட்பவர்களில் பலர் போரை நேரில் கண்டவர்கள். ‘நாங்கள் பட்டதைத் திரும்பத் திரையில் பார்க்க வேணுமோ’ என்று ஓர் அம்மா வாசலில் நின்று கேட்டார். அதற்கு நான் சட்டென்று பதில் சொல்லவில்லை. அவர் சொன்னதில் நியாயம் இருந்தது.

உண்மை என்னவென்றால், போரைப் பேசும் படைப்புகள் நிறைய உண்டு. காணாமல் ஆக்கப்பட்டவர்கள், விட்டு வந்த வீடு, இராணுவம் நிற்கும் காணி, இவையெல்லாம் முடிந்துபோன விடயங்கள் அல்ல. சனாதனனின் இன்னொரு படைப்பு 2011இல் நூல் வடிவில் வந்தது. இடம்பெயர்ந்தவர்கள் தாங்கள் இழந்த வீட்டின் வரைபடத்தை நினைவிலிருந்து வரைந்து கொடுத்தார்கள். கிணறு எங்கே, சாமியறை எங்கே, மாமரம் எங்கே என்று. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் காணிகளைப் பதிந்த ஏட்டுக்குத் தோம்பு என்று பெயர். அந்தப் பெயரையே நூலுக்கும் வைத்தார். அதில் ஒரு துப்பாக்கி கூட இல்லை. ஆனாலும் அது போரைப் பற்றிய படைப்புத்தான். இப்படியானதைப் பார்க்கும்போது மனம் கனக்கும். அதோடு, நம்முடைய வீட்டையும் ஒரு தாளில் வரைந்து பார்க்கலாம் என்றும் தோன்றும்.

அதே நேரம் காதல், சாதி, சீதனம், வெளிநாட்டுக் கனவு, போதைப்பொருள், கடல், தனிமை என்று வேறு எவ்வளவோ விடயங்களை இப்போதைய இளைஞர்கள் எடுக்கிறார்கள். 2009க்குப் பிறகு வளர்ந்தவர்களுக்கு வேறு கேள்விகள் இருக்கின்றன. மனம் தயாரில்லாத நாளில் பாரமான படத்துக்குப் போகாதீர்கள். நிகழ்ச்சி விபரத்தில் கதைச்சுருக்கம் இருக்கும். இல்லாவிட்டால் வாசலில் கேளுங்கள். ஒளிவு மறைவில்லாமல் சொல்வோம்.

நிகழ்ச்சிகள் நடப்பதை எப்படித் தெரிந்துகொள்வது?

பெரும்பாலும் முகநூலிலும் வட்ஸ்அப் குழுக்களிலும்தான் அறிவிப்பு வருகிறது. சிலவேளை இரண்டு நாட்களுக்கு முன்புதான் வரும். உள்ளூர்ப் பத்திரிகைகளில் நிகழ்ச்சிக் குறிப்பாகச் சின்னதாகப் போடுவார்கள். நூலக வாசலிலும் பல்கலைக்கழகச் சுற்றாடலிலும் சுவரொட்டி இருக்கும். ஆனால் மிக நம்பகமான வழி ஒரு நிகழ்ச்சிக்கு நேரில் போவதுதான். போனால் அடுத்தது எப்போது என்று அங்கேயே யாராவது சொல்வார்கள். இரண்டு தடவை முகம் கண்டால் மூன்றாவது தடவை அவர்களே தொலைபேசியில் கூப்பிடுவார்கள்.

கட்டணம் எவ்வளவு?

கண்காட்சிகள் ஏறக்குறைய எல்லாமே இலவசம். திரையிடல்களிலும் பல இலவசம்தான். திரையரங்கில் ஓடும் உள்ளூர்ப் படத்துக்கு ரிக்கற் எடுக்க வேண்டும். அதைத் தயவுசெய்து காசு கொடுத்தே எடுங்கள், தெரிந்தவர் படம் என்று ஓசிக்குக் கேட்காதீர்கள். அந்தக் காசில்தான் அடுத்த படம் வரும். வாசலில் உண்டியல் வைத்திருந்தால் முடிந்ததைப் போடுங்கள். புரொஜெக்ரர் வாடகை, மண்டபம், தேநீர் என்று யாரோ தன் சம்பளத்திலிருந்து கொடுத்திருப்பார்.

கொழும்பிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ வர நினைக்கிறேன். எந்த மாதம் நல்லது?

திறந்தவெளி நிகழ்ச்சிகள் வேண்டுமென்றால் ஜனவரி முடிவிலிருந்து ஏப்ரல் வரை. ஒக்ரோபரிலிருந்து டிசம்பர் வரை மழைக்காலம், மழையோடு மின்வெட்டும் வரும். நல்லூர்த் திருவிழா 25 நாட்கள், ஆடி ஆவணியில். அந்த நாட்களில் வெளிநாட்டிலிருந்து வந்தவர்களால் ஊர் நிறைந்திருக்கும். சிலர் அதைப் பார்த்தே கண்காட்சி வைப்பார்கள். ஆனால் நல்லூரைச் சுற்றி வீதிகள் மூடப்பட்டிருக்கும், தங்க அறை கிடைப்பது கடினம். திரைப்பட விழாவின் திகதி வருடத்துக்கு வருடம் மாறும் என்பதால் அறிவிப்பு வந்த பிறகே ரயிலுக்குப் பதியுங்கள்.

படம் முடிந்ததும் கலந்துரையாடல் என்கிறார்கள். நான் இருந்தே ஆக வேண்டுமா? பிழையான கேள்வி கேட்டுவிடுவேனோ என்று பயம்.

இருங்கள். என் மனதில் உள்ளதைச் சொன்னால், படத்தை விட அந்த அரை மணித்தியாலத்துக்காகத்தான் நான் இந்த வேலை செய்கிறேன்.

ஒரு தடவை கடற்றொழிலாளர் பற்றிய ஆவணப்படம் ஒன்று போட்டோம். முடிந்ததும் வழக்கம்போல நான்கைந்து பேர் கையை உயர்த்தி நன்றாக இருந்தது என்றார்கள். பின்வரிசையில் சாரத்தோடு இருந்த குருநகர் ஐயா ஒருவர் எழும்பினார். “தம்பி, வாடைக்காற்றுக் காலம் எண்டு சொல்லிக்கொண்டு நீர் காட்டினது சோளகக் கடல். தண்ணீரின்ரை நிறமே வேறை” என்றார். வாடை வடகிழக்கிலிருந்து வீசும் பருவக்காற்று, சோளகம் தென்மேற்கிலிருந்து. இயக்குநர் அப்படியே நின்றார். இரண்டு பருவத்தில் எடுத்த காட்சிகளைக் கலந்து வெட்டியதை ஒப்புக்கொண்டார். அதற்குப் பிறகு ஐயா 20 நிமிடம் காற்றைப் பற்றிப் பேசினார். இயக்குநர் கொப்பியை எடுத்துக் குறித்துக்கொண்டார். அன்றைக்கு அந்த மண்டபத்தில் இருந்த எல்லோரும் இரண்டாவது ஒரு படம் பார்த்த மாதிரி இருந்தது.

ஐயாவுக்கு சினிமா மொழி தெரியாது. கடல் தெரியும். உங்களுக்கும் ஏதோ ஒன்று தெரிந்திருக்கும். அதிலிருந்து கேளுங்கள். பிழையான கேள்வி என்று ஒன்று இல்லை. ஐந்து நிமிடப் பேச்சாக நீளும் கேள்விதான் சிரமம். பேராசிரியர்கள் பேசி முடிக்கும் வரை இளையவர்கள் வாய் திறக்காமல் இருக்கும் பழக்கம் இங்கே உண்டு. அதை மாற்றப் பார்க்கிறோம். இப்போது முதல் கேள்வியை 25 வயதுக்கு உட்பட்டவரிடம் கொடுப்பதுண்டு.

நவீன ஓவியம் எனக்கு விளங்குவதில்லை. போய் என்ன செய்வது?

ஒரு படத்துக்கு முன்னால் இரண்டு நிமிடம் நில்லுங்கள். பெயர்ப்பலகையை வாசிக்காமல். இரண்டு நிமிடம் என்பது நிற்கும்போது நீளமாக இருக்கும். என்ன பொருள் என்று தேடாமல், என்ன செய்திருக்கிறார் என்று மட்டும் பாருங்கள்: எது பெரிது, எது சிறிது, எந்த இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறார், என்ன கொண்டு செய்திருக்கிறார். சாக்கு, பழைய சேலை, பனையோலை, அடையாள அட்டைப் பிரதி, மண் என்று இங்கத்தைய கலைஞர்கள் கையில் எடுக்கும் பொருட்களில் பாதி உங்கள் வீட்டிலும் இருந்தவை. பிறகு கலைஞர் பக்கத்தில் நின்றால் பேச்சுக் கொடுங்கள். பெரும்பாலும் நிற்பார். யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்துக்கொண்டும் இருப்பார்.

படைப்பைத் தொடாதீர்கள், தொடச் சொல்லியிருந்தால் தவிர. ஒளிப்படம் எடுக்கலாமா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

ஓவியம் வாங்கலாமா? விலை கேட்பது மரியாதையா?

தாராளமாகக் கேட்கலாம். இங்கே விலைப்பட்டியல் தொங்கவிடும் வழக்கம் குறைவு, அதனால் விற்பனைக்கு இல்லை என்று எல்லோரும் நினைத்துவிடுகிறார்கள். கலைஞரிடமே கேளுங்கள். மாணவர்கள் விலை சொல்லக் கூச்சப்பட்டு மிகக் குறைத்துச் சொல்வார்கள். பொருட்செலவும் செலவிட்ட நாட்களும் தெரிந்தால் நீங்களே நியாயமானதைச் சொல்லுங்கள். பேரம் பேசும் இடம் இதுவல்ல. சின்ன வரைபடங்களும் அச்சுகளும் ஒரு கலியாணப் பரிசுக்கு ஆகும் செலவுக்குள் கிடைக்கலாம். அதையே பரிசாகக் கொடுத்தால் இன்னும் நல்லது.

வீட்டில் மாட்டும்போது கவனம்: நம்முடைய காற்றில் உப்பும் ஈரமும் உண்டு. தாளில் வரைந்ததைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் போட்டு, கண்ணாடியில் தாள் ஒட்டாமல் சிறு இடைவெளி விடச் சொல்லுங்கள். கடலைப் பார்த்த சுவரிலும் நேர்வெயில் படும் சுவரிலும் வேண்டாம்.

மாலை நிகழ்ச்சி முடிய இருட்டிவிடும். பெண் பிள்ளைகள் எப்படி வீடு போவது?

இது சின்னக் கேள்வி அல்ல. நுண்கலை படிக்கும் மாணவர்களில் பெண்கள் நிறையப் பேர், ஆனால் மாலைத் திரையிடலில் எண்ணிக்கை தலைகீழாக இருக்கும். காரணம் ஆர்வமின்மை இல்லை, பஸ். இரவு ஏழு மணி தாண்டினால் பல ஊர்களுக்குப் பஸ் அரிது. அதனால் பிற்பகல் மூன்று மணிக்கோ சனி ஞாயிறு காலையிலோ படம் போடுமாறு ஏற்பாட்டாளர்களிடம் தொடர்ந்து கேட்டு வருகிறோம். கேட்கும் குரல் கூடக்கூட நேரம் மாறும் என்பதைக் கண்டிருக்கிறேன். ஒரே திசையில் போகிறவர்கள் சேர்ந்து ஓட்டோ பிடிக்கலாம். வாசலில் சொன்னால் ஆட்களைச் சேர்த்துவிடுவோம். பெற்றோர் கூட வரலாம். வந்த பல அப்பாமார் முதல் அரை மணித்தியாலம் வெளியில் மோட்டார் சைக்கிளில் இருந்துவிட்டு, பிறகு உள்ளே வந்து முழுப்படத்தையும் பார்த்திருக்கிறார்கள்.

தமிழ் தெரியாத நண்பரைக் கூட்டி வரலாமா?

கூட்டி வாருங்கள். பல படங்களுக்கு ஆங்கில உபதலைப்பு இருக்கும், சிலவற்றுக்குச் சிங்களத்திலும் இருக்கும். பேச்சுத்தான் தமிழில் நடக்கும். பக்கத்தில் இருந்து மெதுவாக மொழிபெயர்த்துச் சொல்ல ஒருவர் எப்போதும் கிடைப்பார்.

குறும்படம் எடுத்திருக்கிறேன். திரையிட என்ன செய்ய வேண்டும்?

முதலில் ஒலி. எங்களுக்கு வரும் படங்களில் அதிகம் காணும் குறை கமராவில் இல்லை, குரலில். காகம், கோயில் ஒலிபெருக்கி, லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரம் எல்லாம் தெளிவாகக் கேட்கும். பாத்திரம் பேசுவது கேட்காது. கைப்பேசியில் எடுத்தாலும் பரவாயில்லை, முழுநீளப் படமே அதில் எடுத்திருக்கிறார்கள். ஆனால் சட்டையில் குத்தும் சின்ன மைக் ஒன்றை வாங்குங்கள்.

அடுத்தது உபதலைப்பு. தமிழ் உபதலைப்பைத் தனிக் கோப்பாகத் தந்தால் எங்கள் கணினியில் எழுத்துரு சிதையலாம். ஒரு நல்ல படம் அப்படித்தான் கெட்டது: கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம், அரங்கு முழுக்கச் சிரிப்பு, படமோ மரணவீட்டைப் பற்றியது. எடுத்த பெடியன் வெளியே போய் நின்றுவிட்டான். அதிலிருந்து உபதலைப்பைப் படத்தோடு பதித்தே தரச் சொல்கிறோம். எம்பி4 கோப்பாக, இரண்டு தனித்தனி யுஎஸ்பியில் கொண்டு வாருங்கள். 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பு என்றால் ஃபாற்32 வடிவத்தில் உள்ள யுஎஸ்பியில் ஏறாது, யுஎஸ்பியை முதலே எக்ஸ்ஃபாற் வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு நாள் முதலே வந்து அதே புரொஜெக்ரரில் ஓட்டிப் பாருங்கள்.

பின்னணியில் தென்னிந்தியப் படப் பாட்டைப் போடாதீர்கள். 2003ஆம் ஆண்டின் புலமைச் சொத்துச் சட்டப்படி உரிமை பெறாமல் பயன்படுத்த முடியாது, வெளிநாட்டு விழாக்களும் ஏற்காது. உங்கள் ஊரிலேயே ஒரு வயலின்காரரோ தவில்காரரோ இருப்பார். கேட்டால் வாசித்துத் தருவார்.

உண்மையான ஆட்களைப் படம் பிடித்தால், முடிந்த படத்தை அவர்களுக்கு முதலில் காட்டுங்கள். காணாமல் போன மகனைப் பற்றிப் பேசிய தாய், தன் முகத்தை எங்கோ ஒரு விழாவில் யாரோ பார்த்ததாகக் கேள்விப்படக் கூடாது.

தணிக்கை இருக்கிறதா?

இருக்கிறது. பொதுமக்களுக்குக் காட்டும் படத்துக்குக் கொழும்பிலுள்ள சபையின் சான்றிதழ் வேண்டும். அந்தச் சபைக்கு அடிப்படையான சட்டம் 1912இல் பிரித்தானியர் கொண்டுவந்தது. உங்கள் படத்தைப் பொது மண்டபத்தில் போடுவதென்றால் ஏற்பாட்டாளரிடம் நேரத்தோடு பேசுங்கள், கடைசி நிமிடத்தில் சிக்கல் வேண்டாம்.

ஆனால் தடை எப்போதும் மேலிருந்து மட்டும் வருவதில்லை. 2018 திரைப்பட விழாவில், போராட்ட காலத்தின் உள்முரண்களைப் பேசிய ஆவணப்படம் ஒன்று எதிர்ப்புகளுக்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் திரையிடப்படாமல் விலக்கப்பட்டது. எதிர்த்தவர்களின் வலி எனக்கு விளங்குகிறது. இருந்தாலும் அதைப் போட்டிருக்க வேண்டும் என்றே நினைக்கிறேன். போட்டுவிட்டு விடிய விடியச் சண்டை பிடித்திருக்கலாம். பார்க்காத படத்தோடு விவாதிக்க முடியாது.

நகரத்தில் படப்பிடிப்புக்கு அனுமதி எடுக்க வேண்டுமா?

கோட்டைக்குத் தொல்லியல் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். ரயில் நிலையம், பாடசாலை, கோயில் எல்லாவற்றுக்கும் அந்தந்தப் பொறுப்பாளர்களிடம் எழுத்தில் வாங்குங்கள். ட்ரோன் பறப்பதற்குச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையின் விதிகள் உண்டு. இராணுவ முகாம்களுக்கு அருகில் கமராவைத் தூக்காதீர்கள்.

எங்கள் ஊர் சனசமூக நிலையத்தில் படம் போட ஆசை. முடியுமா?

முடியும். நகரத்துக்கு வர முடியாதவர்களிடம் படம் போக வேண்டும் என்பதுதான் எனக்குள்ள பெரிய ஆசை. வாசிகசாலை முற்றம், ஒரு புரொஜெக்ரர், ஒரு வெள்ளைத் துணி, இரண்டு ஒலிபெருக்கி இருந்தால் போதும். படத்தின் இயக்குநரிடம் அனுமதி கேளுங்கள். உள்ளூர் ஆட்கள் என்றால் பெரும்பாலும் தாங்களே வருவார்கள். கிராம சேவையாளருக்கும் பக்கத்துக் கோயிலுக்கும் முதலே சொல்லிவிடுங்கள், அன்றைக்குப் பூசையோ திருவிழாவோ இருந்தால் ஒலி மோதும்.

இங்கே வருடம் முழுக்கச் சூரியன் ஐந்தே முக்காலுக்கும் ஆறே முக்காலுக்கும் இடையில் மறைந்துவிடும். ஏழு மணிக்குத் தொடங்கினால் திரை நன்றாகத் தெரியும். வீட்டுச் சுவர் வெள்ளையாக இருந்தால் துணியை விட அதுவே நல்லது, ஏனென்றால் சோளகம் வீசும் மாதங்களில் துணி பாய்மரம் மாதிரி இழுக்கும். துணிதான் என்றால் நான்கு பக்கமும் கயிறு போட்டு, காற்று புகுந்து போக ஓரங்களில் சிறு துளைகள் விடுங்கள். முன்னால் சின்னப் பிள்ளைகளுக்குப் பாய், நடுவில் அம்மாமாருக்குக் கதிரை, இளைஞர்கள் பின்னால் நிற்பார்கள். முதலில் பத்து நிமிடப் படம் ஒன்று, பிறகு நீளமானது. இடையில் பிளேன் ரீ கொடுத்தால் ஆட்கள் எழும்பிப் போக மாட்டார்கள். நுளம்புத்திரி நான்கைந்து கொளுத்தி வையுங்கள், ஆனால் புரொஜெக்ரருக்கு முன்னால் வைக்காதீர்கள், புகை வெளிச்சத்தில் விழுந்து படம் முழுக்கத் தெரியும்.